மரமும் புல்லும்: கோல்ஃப் நிலவமைப்பில் 'இயற்கை' என்னும் கருத்தின் சமூக அடிப்படை

கோல்ஃப் ஆட்டத்துக்குரிய நிலத்தைப் பற்றித் தமிழ்ச் சங்க ஆய்விதழொன்றில் எழுதுவது பொருந்துமா என்னும் வினா எழுதல் இயல்பே. நம்மவர்க்குக் கோல்ஃப் என்றதும் நினைவுக்கு வருவன 1889இல் தோன்றிய நுவரெலியாக் கழகமும், துரைமாரும், வேலிக்கு அப்பாற் கண்ட பசும்புற்றரையுமேயாகும். வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று கூறி அதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் ஒதுக்குதல் விளக்கமாகாது. திணைக் கோட்பாட்டைக் கற்ற நமக்கு நிலம் என்பது வெறும் மண்ணன்று. முதற்பொருளாகிய நிலத்தோடு மரமும் புள்ளும் தொழிலுமாகிய கருப்பொருள்களும், அவற்றினூடே மனித ஒழுக்கமும் பிணைந்து நிற்பதைப் பழந்தமிழ்ப் புலவர் உணர்ந்திருந்தனர். எனவே ஒரு வர்க்கம் தன் ஓய்வுக்கென வகுத்துக்கொண்ட நிலத்தில் எந்த மரம் நிற்கலாம், எந்தப் புல் வளரலாம் என்பதை எவ்வாறு தீர்மானிக்கிறது என்று ஆராய்வது, இயற்கையை அவ்வர்க்கம் எவ்வாறு காண்கிறது என ஆராய்வதேயாகும்.

கடந்த முப்பது ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் கோல்ஃப் நிலங்களின் தோற்றம் பெரிதும் மாறியுள்ளது. பல்லாண்டுகளாகப் பேணி வளர்க்கப்பட்ட மரங்கள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டன. நீர் பாய்ச்சி ஓரளவாக வெட்டப்பட்ட புற்றரைகள் அகற்றப்பட்டு, அவ்விடங்களில் உயர்ந்து வளரும் சுதேசப் புல்வகைகள் இடம்பெற்றன. இம்மாற்றம் 'மீட்பு' என்றும் 'இயற்கைக்குத் திரும்புதல்' என்றும் வழங்கப்படுகிறது. தாவரவியல் நோக்கில் இது பெரும்பாலும் நியாயமானது என்பதே எமது கருத்து. ஆயினும் மீட்கப்படுவது எந்த இயற்கை, எந்த ஆண்டின் இயற்கை என்று கேட்கும்போதே சிக்கல் தொடங்குகிறது.

முதலில் தாவரவியல் நியாயத்தை நோக்குவோம். 'கிறீன்' எனப்படும் குழிசார் புற்றரையில் புல் ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் உயரத்துக்கு வெட்டப்படுகிறது. இலைப்பரப்பின் பெரும்பகுதியை இழந்த அப்புல், எஞ்சிய சிறு பரப்பினாலேயே உணவு தயாரித்து வாழவேண்டும். அதற்குச் சூரிய ஒளி, சிறப்பாகக் காலைநேர ஒளி, இன்றியமையாதது. கிழக்கே வரிசையாக நிற்கும் மரங்கள் அவ்வொளியை மறைக்கின்றன. அவை காற்றையும் தடுப்பதால் இலைகளிற் படிந்த பனிநீர் உலராது நிற்க, பூஞ்சண நோய்கள் பரவுகின்றன; நோயைத் தடுக்க இரசாயனம் தெளிக்க வேண்டியதாகிறது. நிலத்தடியிலோ மரவேர்கள் புல்லின் நீரையும் ஊட்டத்தையும் பங்குகொள்கின்றன. ஆகவே புற்றரையருகே மரத்தை நடுபவர், நீரும் மருந்தும் கூலியும் பின்னர் கூடுதலாகச் செலவாவதற்கும் வழிசெய்து வைக்கிறார்.

ஆட்டத்தின் தன்மையும் மரத்தால் மாறுகிறது. மரங்கள் இருபுறமும் நெருங்கிய நிலத்தில் பந்தடிப்பவனுக்கு வழி ஒன்றே. நேராக அடித்தல் மட்டுமே திறமையாகிறது. மரமற்ற அகன்ற நிலத்தில் அவன் எப்பக்கத்திலிருந்து குழியை அணுகுவது என்று தெரிவுசெய்ய வேண்டும். காற்று தடையின்றி வீசும். உலர்ந்து இறுகிய தரையில் பந்து வீழ்ந்தபின்னும் ஓடும். தூரத்தை மதிப்பிடக் கண்ணுக்குத் துணைக்கோடுகள் இருப்பதில்லை. ஓரங்களில் வளரும் உயர்ந்த புல்லும் இவ்வாறே வடிவமைப்பின் கூறாகிறது. அது ஆடுபாதையின் எல்லையைக் கண்ணுக்குக் காட்டும். செறிவாக வளரவிட்டாலோ பந்தை விழுங்கிவிடும். ஆகையால் அதனை எவ்வளவு ஐதாகப் பேணுவது, பாதையிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பன வடிவமைப்பாளரின் முக்கிய தீர்மானங்களாகின்றன. சுதேசப் புல் பராமரிப்பற்ற புல் என்று கருதுவோர் உளர். அது தவறு. களை நீக்காமலும், ஆண்டுக்கொருமுறையேனும் வெட்டாமலும், அல்லது தீயிடாமலும் விட்டால் அது சில ஆண்டுகளிற் புதராகிவிடும்.

இந்த உண்மை ஸ்கொட்லாந்தின் கடலோரங்களில் எவரும் திட்டமிடாமலே நிலைபெற்றிருந்தது. 'லிங்ஸ்' எனப்படும் மணற்பாங்கான அந்நிலம் உழவுக்கு உதவாதது. உப்புக்காற்றில் மரம் நிற்காது. ஃபெஸ்கியூ, பென்ற் ஆகிய மெல்லிய புல்வகைகள் அவ்வறிய மண்ணிலே தழைத்தன. ஆடுகளும் முயல்களும் அவற்றை மேய்ந்து கட்டையாக வைத்தன. உற்பத்திக்கு உதவாத நிலம் என்பதனாலேயே அது பொதுமக்களின் நிலமாக எஞ்சியது. சென்ற் அன்றூஸ் நகரத்தார் தம் லிங்ஸில் விளையாடும் உரிமை 1552ஆம் ஆண்டுச் சாசனமொன்றில் ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. அங்கே 1764இல் ஒரு சுற்றுக்குப் பதினெட்டுக் குழிகள் என அமைந்ததே பிற்காலத்தில் உலக வழக்காயிற்று. அந்நிலத்தை வரைந்த கலைஞர் எவருமிலர். காற்றும், மேய்ச்சலும், நடந்துசென்ற மக்களின் கால்களுமே அதனை வடித்தன.

இத்தகைய ஆட்டத்தில் மரம் புகுந்தது எப்படி? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கைத்தொழிலாற் செல்வம் சேர்த்த நகர நடுத்தர, மேல் வர்க்கங்கள் இவ்வாட்டத்தைத் தம் வசிப்பிடங்களுக்கு அருகே கொணர்ந்தன. புகையிரதப் பாதை அதற்கு வழியாயிற்று. 1830இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற புல்வெட்டும் பொறி ஆட்டின் இடத்தை எடுத்துக்கொண்டது. உள்நாட்டுக் களிமண் நிலத்தில் ஆடியவர்களின் மனக்கண்ணில் இருந்த அழகு கடலோரத்து வெறுமையன்று. பதினெட்டாம் நூற்றாண்டு நிலப்பிரபுக்கள் தம் மாளிகைகளைச் சுற்றி அமைத்த பூங்காநிலமே அது. வளைந்தோடும் நீர், பரந்த புல்வெளி, ஆங்காங்கே மரத்தொகுதி என்னும் அக்காட்சியின் சமூகப் பொருளை றேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளிவந்த 'நாட்டுப்புறமும் நகரமும்' என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். உழைப்பும் உழைப்பவனும் கண்ணிற் படாதவாறு நிலத்தை ஒழுங்குசெய்யும்போதே அது 'காட்சி' ஆகிறது என்பது அவரது ஆய்விலிருந்து நாம் பெறும் தெளிவு. கோல்ஃப் நிலத்து மர வரிசைக்கு இப்பார்வையே மூலம் எனலாம்.

இங்கிலாந்தின் சறே மாவட்டத்துப் புதர்நிலங்கள் வேறொரு செய்தியைக் கூறுகின்றன. சனிங்டேல் முதலிய புகழ்பெற்ற கழகங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெதர் என்னும் ஊதாநிறச் செடி மண்டிய திறந்தவெளிகளில் அமைந்தன. அவ்வெளிகள் 'கன்னிநிலம்' அல்ல. ஏழைக் குடியானவர் பல நூற்றாண்டுகளாகக் கால்நடை மேய்த்தும், விறகும் கரித்தரையும் வெட்டியும் வந்தமையாலேயே அங்கு மரம் வளராதிருந்தது. மேய்ச்சல் நின்றதும் பேர்ச்சும் பைனும் முளைத்துக் காடாயின. இன்று அக்கழகங்கள் பெருஞ்செலவில் மரங்களை வெட்டி ஹெதரை மீட்கின்றன. குடியானவனின் ஆடு கூலியின்றிச் செய்த வேலையை இப்போது பொறிவாள் கூலிக்குச் செய்கிறது. 'இயற்கை' என்று அங்கே மீட்கப்படுவது ஒரு மறைந்த உற்பத்திமுறையின் எச்சமேயன்றி வேறன்று.

அமெரிக்க எடுத்துக்காட்டுக்களுள் முதன்மையானது பென்சில்வேனியாவில், பிற்ஸ்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள ஓக்மொன்ற் ஆகும். இரும்புத் தொழிலிற் பொருளீட்டிய ஹென்றி கிளே ஃபௌன்ஸ் என்பார் 1903இல் விளைநிலமொன்றை வாங்கி இதனை நிறுவினார். ஏறத்தாழ 150 தொழிலாளரும் கோவேறு கழுதைகளும் ஓராண்டில் அதனைச் சமைத்தனர்; ஃபௌன்ஸின் பெயரை நூல்கள் கூறும், அந்த 150 பேரின் பெயர்களைக் கூறா. மரமற்ற, காற்று வீசும், கடுமையான நிலமாக அது இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், சிறப்பாக 1960களில், நிலத்தின் வறண்ட தோற்றத்தை அழகுபடுத்தக் கருதி உறுப்பினர் ஆயிரக்கணக்கான மரங்களை நட்டனர். மூன்று தசாப்தங்களில் அவை வளர்ந்து நிலத்தை மூடின. ஒளியின்றிப் புல் நலிந்தது. மணற்குழிகள் சில மரங்களுக்குள் மறைந்தன.

1990களில் தொடங்கிய வெட்டு நடந்த விதம் நகைப்புக்குரியது. மரங்களை நேசித்த உறுப்பினர் எதிர்ப்பர் என அஞ்சிய கழக நிர்வாகம், பணியாளரை விடியுமுன் இருளில் வேலைக்கு அனுப்பியது. விளக்கொளியில் மரத்தை வீழ்த்தி, அடிக்கட்டையை அகற்றி, மரத்தூளைப் பெருக்கி, அவ்விடத்திற் புற்பற்றை பதித்து, முதல் உறுப்பினர் வருமுன் சுவடின்றிச் செய்தனர். பலநூறு மரங்கள் மறைந்த பின்னரே பலர் அறிந்தனர். அறிந்தபோது பெரும் பூசல் மூண்டது. ஆயினும் வெட்டு நிற்கவில்லை. 2007இல் ஐக்கிய அமெரிக்கப் பகிரங்கப் போட்டி அங்கு நடைபெற்றபோது மரங்கள் ஆயிரக்கணக்கில் அகன்றிருந்தன. 2016ஆம் ஆண்டுப் போட்டிக்குள் மொத்தம் ஏறத்தாழ 15,000 என்று மதிப்பிடப்பட்டது. கழக மண்டபத்திலிருந்து நோக்கின் இன்று கிட்டத்தட்ட எல்லாக் குழிகளின் கொடிகளும் தெரியும். ஓரங்களில் ஃபெஸ்கியூப் புல் பொன்னிறமாக அசைகிறது. இதில் நாம் கவனிக்கவேண்டிய முரண்பாடொன்றுண்டு: நட்டவர்களும் வெட்டியவர்களும் இருசாராரும் 'இயற்கை அழகு' என்னும் ஒரே சொல்லையே தமக்குத் துணையாகக் கொண்டனர்.

ஓக்மொன்ற் வெட்டிய காலத்திலேயே ஜோர்ஜியா மாநிலத்து ஒகஸ்ரா தேசியக் கழகம் மரங்களை நட்டுக்கொண்டிருந்தது என்பதும் நோக்கற்பாலது. பழைய தாவர நாற்றுமேடையொன்றின் மீது அலிஸ்ரர் மக்கென்சி, பொபி ஜோன்ஸ் ஆகியோர் அமைத்து 1933இல் திறந்துவைத்த அந்நிலம் தொடக்கத்தில் அகலமும் திறந்தவெளியும் உடையதாயிருந்தது. மக்கென்சி ஒரு மருத்துவர். தென்னாபிரிக்க போவர் யுத்தத்தில் பிரித்தானியப் படையோடு சென்று, போவர் தம் காப்பரண்களை நிலத்தோடு நிலமாக மறைத்த நுட்பத்தைக் கண்டு, அதனைக் கோல்ஃப் நிலவமைப்பிற் கையாண்டவர். மனிதன் செய்தது மனிதன் செய்ததாகத் தோன்றலாகாது என்பதே அவரது அழகியல். ஏகாதிபத்தியப் போரின் உருமறைப்புக் கலை ஓய்வுநிலத்தின் 'இயற்கை'யாக மாறியது என்னும் உண்மை எந்த உருவகத்தினும் வலிது. அக்கழகத்தின் பசுமையை உலக அளவுகோலாக்கியது தொலைக்காட்சி. 1966இல் அதன் போட்டி வண்ணத்தில் ஒளிபரப்பாயிற்று. அதன்பின் அமெரிக்காவெங்கும் கழக உறுப்பினர் தம் நிலமும் அவ்வாறே பளிச்சிடவேண்டுமென வற்புறுத்தலாயினர். பழுப்புநிறம் வறுமையின் நிறமாகக் கருதப்பட்டது. அக்கழகம் கறுப்பின உறுப்பினர் ஒருவரை முதன்முதற் சேர்த்தது 1990இல். பெண்களைச் சேர்த்தது 2012இல்.

வட கரோலினாவிலுள்ள பைன்ஹேர்ஸ்ட் இரண்டாம் இலக்க நிலமோ நமது பொருளின் முழு வரலாற்றையும் தன்னுள் அடக்கியது. அதனை வடித்த டொனால்ட் றொஸ் ஸ்கொட்லாந்தின் டோர்னொக் நகரில் 1872இற் பிறந்தவர், தச்சுத்தொழில் கற்றவர், சென்ற் அன்றூஸில் மூத்த ரொம் மொரிஸிடம் பயின்றவர். டோர்னொக் அமைந்திருப்பது சதர்லாந்துப் பகுதியில். 'மூலதனம்' முதற் பாகத்தைக் கற்றோர்க்கு அப்பெயர் புதியதன்று. 1814 முதல் 1820 வரை சதர்லாந்துச் சீமாட்டி ஏறத்தாழ 15,000 மக்களை அவர்தம் குலநிலத்திலிருந்து வெளியேற்றிக் கடற்கரைக்குத் துரத்தியதையும், 1825இல் அவர்களின் இடத்தை 1,31,000 செம்மறிகள் நிரப்பியதையும் மார்க்ஸ் ஆதிமூலதனத் திரட்சிக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார். வெறுமையே அழகு என்று பின்னாளிற் கொண்டாடப்பட்ட ஸ்கொட்லாந்து மேட்டுநிலக் காட்சியில் அவ்வெளியேற்றத்துக்கும் பங்குண்டு. இவ்வரலாற்றை உடைய மண்ணிலிருந்தே றொஸ் 1899இல் அமெரிக்கா சென்றார்.

பைன்ஹேர்ஸ்டில் அவர் கண்ட மணல்நிலமும் வெறிதே வெறுமையாகியதன்று. ஐரோப்பியர் வருமுன் தென்கிழக்கு அமெரிக்காவில் ஏறத்தாழ 9 கோடி ஏக்கரில் நீளிலைப் பைன் காடுகள் பரந்திருந்தன. அடிக்கடி எழும் தீயினால் வாழும் காடு அது. மின்னலும், ஆதிக்குடிகள் இட்ட தீயும் கீழ்ப்புதர்களை எரிக்க, திறந்த தரையில் வயர்கிறாஸ் என்னும் கம்பிபோன்ற கொத்துப்புல் பரவிற்று. வளர்பருவத்துத் தீக்குப் பின்னரே அப்புல் செழித்துப் பூக்கும். மரக்கலங்களுக்குத் தாரும் தேர்பந்தைனும் வேண்டி அம்மரங்களைக் கீறிப் பால் வடித்தனர். முதலில் அடிமைகளும், பின்னர்க் கடனாற் கட்டுண்ட தொழிலாளரும் குத்தகைக்கு விடப்பட்ட சிறைக்கைதிகளும் அவ்வேலையைச் செய்தனர். வடித்து முடிந்ததும் வெட்டினர். அவ்வாறு மொட்டையாக்கப்பட்ட நிலத்தையே பொஸ்ரன் நகரத்துச் சோடாப்பொறி உற்பத்தியாளர் ஜேம்ஸ் வோக்கர் டஃப்ற்ஸ் 1895இல் ஏக்கர் ஏறத்தாழ ஒரு டொலர் வீதம் வாங்கினார். 1907இல் றொஸ் அமைத்த நிலத்தின் மணலும் வயர்கிறாஸும் இந்தச் சூறையாடலின் எச்சங்கள்.

1970இல் அச்சொத்து டஃப்ற்ஸ் குடும்பத்தின் கையைவிட்டு நிலவிற்பனை நிறுவனமொன்றிடம் சென்றது. காலப்போக்கில் மணலும் கொத்துப்புல்லும் மறைந்து, ஓரம் முதல் ஓரம் வரை 'பெர்மூடாப் புல்' விரிந்தது. இப்புல் வேறெதுவுமன்று, நமது அறுகே. மணமக்களை வாழ்த்துவோர் உவமை கூறும் அதே அறுகு. கரும்போடும் அடிமைக் கப்பல்களோடும் நடந்த அத்திலாந்திக் வாணிபத்தின் வழியே பழைய உலகிலிருந்து அமெரிக்கா சென்று, பெர்மூடாத் தீவின் பெயரைச் சூடிக்கொண்டது. 2010-2011இல் பில் கூர், பென் கிறென்ஷோ ஆகியோர் ஏறத்தாழ 35 ஏக்கர் அறுகை அங்கிருந்து அகற்றி மணலை வெளிப்படுத்தினர். வயர்கிறாஸ் நாற்றுக்கள் பல்லாயிரக்கணக்கில் நடப்பட்டன. நீர்தெளிக்கும் குழாய்முனைகள் ஏறத்தாழ 1,150இலிருந்து 450 ஆகக் குறைந்தன; ஆண்டு நீர்ச்செலவு ஏறத்தாழ 5½ கோடி கலனிலிருந்து 1½ கோடி கலனாகத் தாழ்ந்ததாக அறிவிக்கப்பட்டது. இது சிறு சாதனையன்று. 2014இல் ஆண்களின் பகிரங்கப் போட்டியும் பெண்களின் பகிரங்கப் போட்டியும் அடுத்தடுத்த வாரங்களில் அங்கு நடைபெற்றபோது, திரையிற் பழுப்புநிறம் கண்டு முகஞ்சுளித்த பார்வையாளரும் இருந்தனர்.

அவ்வமைப்பாளருக்கு வழிகாட்டிய ஆவணம் 1943இல் எடுக்கப்பட்ட வான்வழிப் புகைப்படத் தொகுதியாகும். ஆக, மீட்கப்பட்ட இயற்கைக்குத் திகதி உண்டு. ஆதிக்குடிகளின் தீமிதித்த காடு மீட்கப்படவில்லை. தேர்பந்தைன் தொழிலாளி கீறிய மரம் மீட்கப்படவில்லை. சொத்து வடிவமெடுத்தபின் அதன் புகழுச்சியில் நிலம் இருந்த நிலையே மீட்கப்பட்டது. 'சுதேசம்' என்னும் சொல்லும் இவ்வாறே நெகிழ்ச்சியுடையது. வயர்கிறாஸ் அம்மண்ணுக்கு உரியது, ஐயமில்லை. ஆனால் அமெரிக்கக் கழகங்கள் பலவற்றிற் 'சுதேசப் புல்வெளி' எனப் பெயர்பெற்று நிற்பது ஐரோப்பிய ஃபெஸ்கியூ. ஓக்மொன்றின் பேர்போன குழிப்புற்றரைகளில் வளரும் 'போவா அனுவா'வும் ஐரோப்பாவிலிருந்து வந்ததே. அயற்கழகங்கள் அதைக் களையென்று மருந்திட்டுக் கொல்லும்.

இதனாற் சுதேசப் புல்லுக்கு எதிராக நாம் வாதிடுகிறோம் என்று கொள்ளலாகாது. கோல்ஃப் முதலாளித்துவச் சீரழிவு, ஆகவே அங்கு எப்புல் வளர்ந்தாலென்ன என்று பேசும் கொச்சை மார்க்சியம் எமக்கு உடன்பாடன்று. மிச்சமாகும் நாலு கோடி கலன் நீர் மெய்யான நீர்; தெளிக்கப்படாத நஞ்சு தெளிப்பவனின் நுரையீரலுக்குப் போகாத நஞ்சு. கேள்வி வேறு. புல்வெட்டும் நேரம் குறைவதால் எஞ்சும் கூலி எவரைச் சேர்கிறது? அமெரிக்கக் கோல்ஃப் நிலங்களில் விடியுமுன் வேலை தொடங்குவோருட் பெரும்பகுதியினர் மெக்சிக்கோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள்; பலர் பருவகால விசாவிற் கட்டுண்டவர்கள். நீர்ச்செலவின் குறைவைப் பெருமையோடு கூறும் அறிக்கைகள் கூலிச்செலவின் குறைவையும் பெருமையாகவே கூறுகின்றன. மரத்தை நட்டபோதும் வெட்டியபோதும் அவர்களிடம் எவரும் கருத்துக் கேட்டதில்லை.

நிலத்தின் உடைமை வேறாயின் தீர்மானிக்கும் முறையும் வேறாகும் என்பதற்குச் சென்ற் அன்றூஸே சான்று. கடனில் மூழ்கிய நகரசபை 1797இல் லிங்ஸைக் கைவிட, அது முயல் வளர்க்கும் வணிகரிடம் சென்றது. வழக்கும் கைகலப்பும் பல்லாண்டு நீடித்தன. 1894இல் நகரம் அந்நிலத்தை மீண்டும் வாங்கியது. 1974இல் பாராளுமன்றச் சட்டமொன்றினால் அதற்கென நம்பிக்கைப் பொறுப்பு அமைக்கப்பட்டது. நிலம் இன்றும் பொதுவுடைமை. பெரும் போட்டிகள் நடைபெறும் சில நாட்கள் தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய நிலத்தில் ஆட்டம் இல்லை. அன்று நகரத்தார் குழந்தைகளோடும் நாய்களோடும் அப்புல்லின் மீது நடந்துசெல்வர்.